ராணி வந்தார், அப்பா எழவில்லை

செப்டம்பர் பள்ளி விடுமுறைக்குச் சிக்காகோ போகிறோம் என்றதும் நண்பர்கள் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். உயரமான கட்டடங்கள், ஏரிக்கரை, பீட்சா, கடைத்தொகுதி. அங்கேயே வசிக்கும் என் அக்காவின் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. “சனிக்கிழமை எல்லாரும் விழாவுக்கு வரணும். தம்பி நடிக்கிறான்.”

தம்பி என்று அவர் சொன்னது 19 வயதான தம் மகனை. பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளை, கோடை முழுவதும் வார இறுதிகளில் 450 ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலேயத் தச்சனின் உதவியாளனாக மாறிவிடுகிறான்.

நானும் கணவரும் 10 வயது மகளும், எங்களோடு வந்திருந்த 75 வயது அப்பாவும், அக்கா குடும்பத்தோடு இரண்டு கார்களில் கிளம்பினோம். வடக்கே ஒரு மணி நேரம் சொச்சம். இல்லினாய் எல்லையைத் தாண்டி விஸ்கான்சின் மாநிலத்துக்குள் நுழைந்ததுமே, கெனோஷா நகருக்கு அருகில் இருக்கிறது ‘பிரிஸ்டல் மறுமலர்ச்சி விழா’ நடக்கும் இடம்.

ஒரே ஊர், ஒரே நாள்

அமெரிக்காவில் இத்தகைய விழாக்கள் பல மாநிலங்களில் நடக்கின்றன. இந்த வழக்கம் 1963இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கியது. ஃபிலிஸ் பேட்டர்சன் என்ற பள்ளி ஆசிரியை சிறுவர்களுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்து வந்தார். அவரும் கணவர் ரானும் சேர்ந்து, ஒரு சமூக வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட, பழங்கால ஆங்கிலேயச் சந்தையைப் போலவே ஒரு சந்தையை நடத்தினார்கள். மக்களுக்கு அது பிடித்துப்போக, மற்ற ஊர்களும் பின்பற்றின. நாங்கள் போன திடலில் 1972 முதல் விழா நடக்கிறது. முதலில் அதற்கு வேறு பெயர்.

மற்ற விழாக்கள் பலவும் ‘பழைய காலம்’ என்று பொதுவாக எதையோ காட்டும். பிரிஸ்டல் விழா அப்படியன்று. ஆண்டு 1574. ஊர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகம். அரசி முதலாம் எலிசபெத் நகருக்கு வருகிறார். உள்ளே நடிப்பவர்கள் அத்தனை பேரும் அந்த ஊரின் மக்கள்.

அது கற்பனை இல்லை. 1574 ஆகஸ்டில் எலிசபெத் உண்மையிலேயே பிரிஸ்டலுக்குச் சென்றார். நகர மக்கள் கோட்டைகளைக் கட்டி, அவர் கண்முன்னே மூன்று நாள் பொய்ப்போர் நடத்திக் காட்டினார்கள். தாமஸ் சர்ச்யார்ட் என்ற கவிஞர் அதற்கு உரைகள் எழுதிக்கொடுத்தார். ஆக, அன்று ராணிக்காக நாடகம் போட்ட ஊரை இன்று அமெரிக்கர்கள் நாடகமாகப் போடுகிறார்கள்.

“அப்போ ஷேக்ஸ்பியர் எங்கே?” என்று மகள் கேட்டாள். அவர் பிறந்தது 1564இல். “உன் வயசுதான். வேற ஊர்ல பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருப்பார்” என்றேன். அதைக் கேட்டதிலிருந்து வழியில் பார்த்த ஒவ்வொரு சிறுவனையும் உற்றுப் பார்க்கத் தொடங்கினாள்.

சேறு, ஈட்டி, தொப்பி

வாசலைத் தாண்டினால் மரங்களுக்கு நடுவே மண்சாலை. இருபுறமும் மரவீடுகள் போன்ற கடைகள். கண்ணாடி ஊதுபவர், தோல்பை தைப்பவர், இரும்படிப்பவர் என்று பலர் நம் கண்முன்னே வேலை செய்கிறார்கள். கடைக்காரர் என் கணவரை ‘பிரபுவே’ என்று அழைத்தார். அவர் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

வருகையாளர்களிலும் பாதிப்பேர் வேடத்தில்தான் வருகிறார்கள். கடற்கொள்ளையர், தேவதை, படைவீரர் என்று யாரும் யாராகவும் இருக்கலாம். நிஜ வாள் வைத்திருந்தால் மட்டும் உறையிலிருந்து உருவ முடியாதபடி கட்டிவிட வேண்டும்.

சேற்றுக் காட்சி என்று ஒன்று. மூன்று பிச்சைக்காரர்கள் சேற்றுக் குளத்தில் புரண்டு, ஒருவர்மேல் ஒருவர் வீசி, கடைசியில் அந்தச் சேற்றையே வாயிலும் போட்டுக்கொண்டார்கள். என் மகள் சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது. குதிரைமேல் ஈட்டிப் போட்டி இன்னொரு ரகம். கனத்த கவசம் அணிந்த இருவர் எதிரெதிரே பாய்ந்து வர, ஈட்டி கேடயத்தில் பட்டுச் சிதறும் சத்தம் நெஞ்சில் இடிக்கிறது.

ஒவ்வொரு காட்சியும் முடிந்ததும் தொப்பி வரும். அதில் விழும் காசு கலைஞர்களுக்கு முக்கிய வருமானம். கலைஞர்களும் கைவினைஞர்களும் பலர் ஒரு விழா முடிந்தால் அடுத்த மாநிலத்து விழாவுக்கு மூட்டைகட்டிக்கொண்டு போகிறார்கள். மாதச் சம்பளமோ நிறுவனக் காப்புறுதியோ இல்லாத வாழ்க்கை. இவர்களின் மருத்துவச் செலவுக்கு உதவவே ‘ரெஸ்க்யூ’ என்ற அறநிறுவனம் இயங்குகிறது.

அப்பா தொப்பியில் பத்து வெள்ளி அமெரிக்கத் தாளைப் போட்டார். “எஸ்டேட்டு மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம் போட வர்றவங்களும் இப்படித்தான். நடுவுல பபூன் வந்து துண்டை ஏந்துவான்” என்றார். அதுவரை அவர் நல்ல உற்சாகத்தில்தான் இருந்தார்.

சைக்கிளை விட்டு இறங்கியவர்கள்

மதியத்துக்கு முன்னால் முரசு கேட்டது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. வீரர்கள், சீமாட்டிகள், அவர்களுக்குப் பின்னால் முத்துப் பதித்த பெரிய கழுத்துப்பட்டியோடு எலிசபெத் ராணி. “கடவுள் ராணியைக் காக்கட்டும்!” என்று எல்லாரும் கத்தினார்கள். என் மகளும் கத்தினாள். எதிர்வரிசையில் நின்ற அக்கா மகன் தொப்பியைக் கழற்றி, மண்ணில் ஒரு காலை ஊன்றி, தலை குனிந்தான்.

நான் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். ஓக் மரத்தடிப் பலகையில், சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

அப்பா பிறந்தது குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். வேலை தேடிச் சிங்கப்பூர் வரும்வரை அங்கேதான் வளர்ந்தார். அவருடைய அப்பா பால்மரம் சீவியவர். தோட்டத்துரையின் கார் வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி, ஓரமாக நிற்க வேண்டும். அப்படித் தம் தந்தை இறங்கி நின்றதைச் சைக்கிளின் பின்னிருக்கையிலிருந்து பார்த்த பிள்ளை அவர். இந்தக் கதையை எங்களிடம் அவர் அதிகம் சொன்னதில்லை. அன்று சொன்னார்.

“அவங்களுக்கு முன்னால மண்டி போட வேணாம்னுதானே உங்களையெல்லாம் படிக்க வச்சேன்.”

அக்கா கண்கலங்கிவிட்டார். “அப்பா, அவன் ஆசைப்பட்டுச் செய்யறான்” என்றார். அதற்குமேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

வான்கோழிக் காலும் மிளகும்

நடிகர்களுக்கு இடைவேளை கிடைத்ததும் அக்கா மகன் வந்து சேர்ந்தான். கையில் எல்லாருக்கும் வான்கோழிக் கால். இந்த விழாக்களின் அடையாளமே அதுதான். ஆனால் 1574இல் பிரிஸ்டலின் ஏழைத் தச்சன் வீட்டில் அது கிடைத்திருக்காது. வான்கோழியே அமெரிக்கக் கண்டத்துப் பறவை. இங்கிலாந்துக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில்தான். உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தின் பயிர்கள்தான்.

நம் மிளகாயும் அப்படியே. போர்த்துகீசியர் வழியாக அதே நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகு. அந்த மிளகைத் தேடித்தான் ஐரோப்பியர் கப்பலேறினார்கள். 1600 டிசம்பர் 31ஆம் தேதி, கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் வழங்கியவர் இதே எலிசபெத் ராணி. அந்தக் கம்பெனிக்காக ஃபிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் இறங்கினார், ராஃபிள்ஸ் 1819இல் சிங்கப்பூரில் இறங்கினார். கம்பெனி போய் அரசாங்கம் வந்தது, ரப்பர் வந்தது, தோட்டம் வந்தது, எங்கள் பாட்டனார் வந்தார். அப்பாவின் கோபத்துக்கும் அந்த முத்துக் கழுத்துப்பட்டிக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நேரானது.

இதையெல்லாம் அக்கா மகனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனுக்கே தெரிந்திருந்தது. விழாவுக்கு முன் பல வாரம் ஒத்திகை நடக்குமாம். பேச்சுவழக்கு, உடை, அக்கால வாழ்க்கை எல்லாம் கற்க வேண்டும். பாத்திரத்தின் பின்கதையை நடிகரே எழுத வேண்டும்.

“என்னைப் பார்த்து, ‘அந்தக் காலத்துல உன்னை மாதிரி ஆள் அங்க ஏது’ன்னு சிலர் கேப்பாங்க சித்தி. நான் ஜான் பிளாங்க் பத்திச் சொல்லுவேன்” என்றான். ஜான் பிளாங்க் எட்டாம் ஹென்றியின் அரசவையில் எக்காளம் ஊதிய கறுப்பினக் கலைஞர். 1511இல் நடந்த ஈட்டிப் போட்டியைத் தீட்டிய ஓவியச் சுருளில் அவர் தலைப்பாகையோடு குதிரையில் இருக்கிறார். அதே 1511இல்தான் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள்.

“அப்ப நம்மாளுங்க எங்க இருந்தாங்க?” என்று மகள் கேட்டாள். தஞ்சையிலும் மதுரையிலும் நாயக்கர் ஆட்சி. மலாக்காவில் தமிழ் வணிகர்கள். 1578இல், அதாவது இந்த விழாவின் கணக்குப்படி இன்னும் நாலே ஆண்டுகளில், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்கப் புத்தகம் தமிழ் எழுத்தில் அச்சாகப்போகிறது. ராணி இங்கே ஊர்வலம் போகும் காலத்தில் நாம் இருட்டில் உட்கார்ந்திருக்கவில்லை என்று அவளுக்குச் சொல்ல முடிந்தது.

எந்த ஊர்?

அப்பா கடைசியாகப் பேரனிடம் கேட்டார். “உன் பாத்திரத்துக்குக் கதை எழுதுனேன்னியே, என்ன கதை?”

“என் அப்பா மாலுமி தாத்தா. இந்தியாவுல இருந்து போர்த்துகீசியக் கப்பல்ல வந்து, லிஸ்பன்ல இறங்கி, பிரிஸ்டல்ல கல்யாணம் பண்ணிக்கிட்டாரு.”

“இந்தியாவுல எந்த ஊரு?”

அவன் விழித்தான். அதை எழுதவில்லை.

“நாகப்பட்டினம்னு சொல்லு” என்றார் அப்பா. “அங்க போர்த்துகீசியன் அப்பவே இருந்தான். எங்கப்பா கப்பல் ஏறுன ஊரும் அதான்.”

பேரன் அந்தப் பெயரை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தான். அப்பா ஒவ்வொரு முறையும் திருத்தினார். பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். “தாத்தா, சாயங்காலம் ஏழு மணிக்கு அவங்க கிரீடத்தைக் கழட்டிட்டு கார் ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. நானும் போயிடுவேன். அது எனக்குத் தெரியும். அதனாலதான் என்னால மண்டி போட முடியுது.”

அப்பா பதில் சொல்லவில்லை. வான்கோழிக் காலை எடுத்துக்கொண்டார்.

நான் அதைப் பற்றி நிறைய யோசித்தேன். இந்த விழா வரலாற்றின் இனிப்பான பகுதியை மட்டும் எடுத்துப் பரிமாறுகிறது. கொள்ளைநோய் இல்லை, பசி இல்லை, தூக்குமேடை இல்லை. அடிமை வணிகத்தில் பிற்காலத்தில் பிரிஸ்டல் துறைமுகம் பணம் குவித்ததும் இந்த மரநிழலில் தெரியாது. விளையாட்டு என்றால் அப்படித்தான் இருக்கும். அதில் சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம். ஆனால் வீட்டில் ஒருவராவது மீதிக் கதையைச் சொல்ல வேண்டும். அன்று அப்பா முதுகைக் காட்டி உட்காராமல் இருந்திருந்தால், சைக்கிள் கதை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

மாலையில் ராணி மறுபடியும் வந்தார். பேரன் மறுபடியும் மண்டியிட்டான். அப்பா எழுந்திருக்கவில்லை. ஆனால் இம்முறை பலகையைச் சாலைப் பக்கம் பார்த்தபடி போட்டுக்கொண்டார். ஊர்வலம் போனதும் ஒரு வயதான தம்பதி பேரனை நிறுத்தி ஊர் விசாரித்தார்கள். பழைய ஆங்கில உச்சரிப்பின் நடுவே ‘நாகப்பட்டினம்’ என்ற சொல் தெளிவாகக் கேட்டது. ‘ட்டி’யில் மட்டும் இன்னும் கொஞ்சம் பயிற்சி தேவை.

போக நினைப்பவர்களுக்கு

* விழா ஜூலை முதல் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினம்வரை வார இறுதிகளில் நடக்கும். நேரம் காலை 10 முதல் மாலை 7 மணி வரை. நமது செப்டம்பர் பள்ளி விடுமுறையின் தொடக்கம் கடைசி வார இறுதியோடு ஒத்துவரலாம். நாள்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

* மண்சாலை. வெயிலும் தூசியும் உண்டு. மூடிய காலணி, தொப்பி, நிறையத் தண்ணீர் அவசியம்.

* தொப்பியில் போடச் சில்லறை நோட்டுகள் கைவசம் இருக்கட்டும்.

* சில காட்சிகளில் பெரியவர்களுக்கான கிண்டல் வரும். சிறுவர்களோடு போனால் நிகழ்ச்சிப் பட்டியலை முதலிலேயே பாருங்கள்.

* தாத்தா பாட்டியை அழைத்துப் போங்கள். நிறைய நடக்க வேண்டியிருக்கும், எனவே நிழலில் உட்கார இடம் பார்த்து வையுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு விடை அவர்களிடம்தான் இருக்கும்.