விளக்கெண்ணெய்க்குள் இருக்கும் விசித்திர அமிலம்

மந்தமாக இருப்பவரை ‘விளக்கெண்ணெய்’ என்று ஏசுகிறோம். எனக்குத் தெரிந்து அதைவிட வேகமாக வேலை செய்கிற எண்ணெய் வேறு இல்லை! மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி விழுங்கித் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் பெரும்பகுதி ஒலிக், லினோலிக் என்ற வழக்கமான கொழுப்பு அமிலங்கள்தான். ஆமணக்கு எண்ணெயிலோ சுமார் 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம். 18 கரிம அணுக்கள் கொண்ட சங்கிலி அது. 12ஆவது அணுவில் மட்டும் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தச் சின்ன ஒட்டுதான் எண்ணெயைக் கெட்டியாக்குகிறது; மற்ற சமையல் எண்ணெய்களைப் போலன்றி மதுசாரத்திலும் கரைய வைக்கிறது. முதல் உலகப் போரின்போது விமான இயந்திரங்களுக்கு மசகாக ஊற்றினார்கள். இன்று நைலான் 11 என்ற பிளாஸ்டிக்கும் இதிலிருந்தே வருகிறது.

சரி, வயிற்றில் என்ன செய்கிறது? செரிமான நொதிகள் எண்ணெயை உடைக்கும்போது ரிசினோலிக் அமிலம் விடுபடுகிறது. அது ‘குடலை வழுவழுப்பாக்கி’ வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. குடல் தசையிலுள்ள இ.பி.3 என்ற ஏற்பியை அது தூண்டுவதாக ஜெர்மனி ஆய்வாளர்கள் 2012இல் எலிகளிடம் காட்டினார்கள். தசை சுருங்குகிறது, பேதியாகிறது. அதே ஏற்பி கருப்பைத் தசையிலும் உண்டு. எலிகளின் கருப்பையும் சுருங்கியது.

இங்கேதான் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். “நாள் தள்ளிப் போகிறது, கொஞ்சம் விளக்கெண்ணெய் குடித்தால் வலி வந்துவிடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது வெறும் மூடநம்பிக்கை என்று நான் ஒதுக்கமாட்டேன். வேலை செய்யக்கூடும் என்பதுதான் கவலையே! எவ்வளவு குடித்தால் எவ்வளவு சுருங்கும் என்று கரண்டியால் அளக்க முடியாது. வாந்தியும் பேதியுமாக உடலில் நீர் வற்றிய நிலையில் பிரசவத்துக்குப் போவது நல்லதா? மருத்துவரைக் கேட்காமல் கர்ப்பிணிகள் இதைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, எண்ணெய் வேறு, விதை வேறு. விதையிலுள்ள ரிசின் என்ற கொடிய நஞ்சு ஒரு புரதம். எண்ணெயில் கரையாததால் அது பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. ஆனால் புள்ளி போட்ட அந்த அழகான விதையைக் குழந்தை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், மிச்சமிருக்கும் விதையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.