நல்ல பாக்டீரியாவின் ஆயுதத்தைப் பிடுங்கிப் பார்த்தால்...

பெட்ரி தட்டில் நோய்க்கிருமியைப் பரப்பி, நடுவில் ஒரு சொட்டு புரோபயாட்டிக் பாக்டீரியாவை வைக்கிறார்கள். மறுநாள் அந்தச் சொட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காத ஒரு தெளிந்த வளையம் இருக்கும். விளம்பரத்துக்கு இது போதும், ஆய்வாளருக்குப் போதாது. தட்டில் இரைப்பை அமிலமும் இல்லை, பித்தநீரும் இல்லை, குடலில் முன்பே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் இல்லை. அதனால்தான் சுண்டெலிகளிடம் போகிறார்கள்.

முறை எளியது. ஒரு குழு எலிகளுக்குச் சில நாள் புரோபயாட்டிக், இன்னொரு குழுவுக்கு அது இல்லாத வெறும் திரவம். பிறகு இரண்டுக்கும் கிருமி. சில நாள் கழித்து எலியின் கல்லீரலையும் மண்ணீரலையும் அரைத்து, நீர்க்கச் செய்து, தட்டில் பரப்பி, முளைக்கும் புள்ளிகளை எண்ணுவார்கள். ஒரு புள்ளி, ஏறக்குறைய ஓர் உயிருள்ள கிருமி.

புள்ளிகள் குறைந்தால் புரோபயாட்டிக் காப்பாற்றியது என்று தெரியும். எப்படிக் காப்பாற்றியது? நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டியா, கிருமியின் உணவைப் பறித்தா, நஞ்சு சுரந்தா?

அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் 2007-இல் இதற்கு அழகாக விடை கண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது, மனிதக் குடலில் கிடைத்த லாக்டோபேசில்லஸ் சாலிவேரியஸ் யூசிசி118. இது ‘பாக்டீரியோசின்’ என்ற கொல்லிப் புரதத்தைச் சுரக்கும். எதிரி லிஸ்டீரியா, உணவு வழியே வந்து கர்ப்பிணிகளின் கருவையே கலைக்கக்கூடிய கிருமி.

யூசிசி118 கொடுத்த எலிகளில் லிஸ்டீரியா குறைந்தது. அடுத்து, அந்தப் புரதத்தைச் சுரக்க முடியாதபடி மரபணுவை முடக்கிய யூசிசி118-ஐக் கொடுத்தார்கள். பாதுகாப்பு போய்விட்டது. அதோடு விடவில்லை. தன் நஞ்சு தன்னையே கொல்லாமலிருக்க யூசிசி118 ஒரு காப்புப் புரதம் வைத்திருக்கிறது. அதற்கான மரபணுவை லிஸ்டீரியாவுக்குள் புகுத்தினார்கள். இப்போது ஆயுதம் கையிலிருந்தும் யூசிசி118 தோற்றது. வாளைப் பிடுங்கினாலும் தோல்வி, எதிரிக்குக் கவசம் கொடுத்தாலும் தோல்வி என்றால், காப்பாற்றியது அந்த வாள்தான்.

ஆனால் எலி மனிதனல்ல. லிஸ்டீரியா மனிதக் குடல் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் புரதத்தில், 16-ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் எலிக்கு வேறு. அதனால் எலிக் குடலில் அந்த வாசல் திறப்பதில்லை.

எனவே மனிதர்களிடமும் சோதித்தே ஆகவேண்டும். அங்கே முடிவுகள் இரு பக்கமும் விழுகின்றன. ஒடிசா கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளிடம் லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரத்தை, அதற்கு உணவாகும் சர்க்கரையோடு கொடுத்துச் சோதித்தார்கள். 2017-இல் வெளியான முடிவின்படி, ரத்தத் தொற்றோ மரணமோ நேர்ந்த குழந்தைகள் 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தனர். மறு ஆண்டு அமெரிக்காவில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்கு லாக்டோபேசில்லஸ் ஜிஜி கொடுத்தபோது பலனே தெரியவில்லை.

இரண்டுமே 2020 வரை லாக்டோபேசில்லஸ் என்ற ஒரே பேரினத்தில் இருந்தவைதான். ஆகவே டப்பாவில் ‘நல்ல பாக்டீரியா’ என்ற எழுத்தைவிட, யூசிசி118 போலப் பெயரின் வாலில் வந்து வகையைக் காட்டும் எழுத்தும் எண்ணும்தான் முக்கியம். அந்த வகை எந்த நோய்க்கு, யாரிடம் சோதிக்கப்பட்டது என்பதே அடுத்த கேள்வி.