கையால் ஒரு வாழ்த்து!

பொங்கலன்று வாட்ஸ்-அப்பில் நூறு கரும்பு வந்து விழும். சாயங்காலத்துக்குள் அத்தனையும் டெலீட்! கையால் செய்த கார்டு அப்படியில்லை சார். பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் பத்து வருஷம் பத்திரமாக இருக்கும். அதனால் சரக்கில் கஞ்சத்தனம் கூடாது.

முதலில் காகிதம். ஆபீஸ் ஜெராக்ஸ் பேப்பரைச் சுட்டுக்கொண்டு வராதீர்கள். திருட்டு என்பது ஒருபுறம். அது 70, 80 ஜி.எஸ்.எம்.தான். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு அத்தனை கிராம். நிற்க வைத்தால் மயங்கி விழும்! 220 முதல் 300 வரை உள்ள அட்டையாகக் கேளுங்கள். சென்னைவாசிகளுக்கு பாரிமுனை ஆண்டர்சன் தெரு இருக்கவே இருக்கிறது. ஒரு ஏ4 அட்டையைப் பாதியாக வெட்டி மடித்தால் 2 கார்டு.

வெட்டும் முன் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அப்படியே மடிக்க வேண்டும். மேனேஜர் மாதிரி முறைக்கிற பக்கம் மடித்தால் விரிசல்தான்! மடிப்பு விழும் இடத்தில் ஸ்கேல் வைத்து, தீர்ந்துபோன ரீஃபிலால் ஒரு கோடு அழுத்தி இழுங்கள். நூல் பிடித்த மாதிரி மடியும்.

வழவழ அட்டையில் ஜெல் பேனா எழுத்து இழுவிக்கொள்ளும். சொரசொரப்பான கைவினைக் காகிதத்தில் இங்க் ஊறிப் பரவும். வெட்டிய துண்டில் எழுதி, விரலால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். மெல்லிய தாளை ஒட்ட வெள்ளைப் பசை வேண்டாம், ஈரத்தில் சுருங்கும். க்ளூ ஸ்டிக் போதும்.

ஜிகினாவா? எப்படியும் உதிர்ந்துவிடும். பத்து வருஷம் கழித்தும் அவங்க படிக்கப்போவது நீங்கள் எழுதிய நாலு வரியைத்தான். அதுக்கு உள்ளே இடம் விட்டீங்களா, பிரதர்?