பேருக்கு ஒரு சண்டை

சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் மற்ற ஊர்களில் 73. என்டிஎம்-1 என்ற மரபணுவைச் சுமந்த பாக்டீரியாக்கள் எங்கெங்கே எத்தனை அகப்பட்டன என்று 2010 ஆகஸ்டில் ‘லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்’ இதழ் வெளியிட்ட கணக்கு இது. கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த இளம் ஆய்வாளர். கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் திமோத்தி வால்ஷும் இன்னும் பலரும் கூட்டு. சிக்கிய பாக்டீரியாக்களில் 111 கிளெப்சியெல்லா நிமோனியே, 36 ஈ.கோலை. அனேகமாக எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அவை மசியவில்லை. டைகிசைக்ளின், கோலிஸ்டின் இரண்டும்தான் மிச்சம்.

இப்படிப்பட்ட கணக்கெல்லாம் ஆஸ்பத்திரி லேபில்தான் தொடங்குகிறது. நோயாளியின் சிறுநீரோ சீழோ வந்ததும் அகார் தட்டில் தீற்றி, 37 டிகிரி இன்குபேட்டரில் ராத்திரி முழுக்க வைக்கிறார்கள். மறுநாள் முளைத்திருக்கும் காலனியில் கொஞ்சம் எடுத்து உப்புநீரில் கரைத்து, கலங்கல் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்த்து, பஞ்சுக்குச்சியால் இன்னொரு தட்டு முழுக்கப் பூசுகிறார்கள். அதன்மேல் மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகள். மறுபடி ஒரு ராத்திரி. மருந்து கேட்கிற கிருமி என்றால் வில்லையைச் சுற்றி வெறுமையாக ஒரு வட்டம் விழும். அதை மில்லிமீட்டரில் அளந்து எழுதுவார்கள். என்டிஎம்-1 இருக்கிற கிருமியோ, ஐ.சி.யூவில் கடைசி இருப்பாக வைத்திருக்கும் மெரோபெனம் வில்லையைக்கூடப் பெரும்பாலும் பொருட்படுத்தாமல் வளர்ந்து நிற்கும். வில்லையில் கொஞ்சம் ஈ.டி.டி.ஏ. கரைசல் விட்டுப் பார்த்தால் வட்டம் திரும்பி வரும். இந்த மரபணு உண்டாக்கும் நொதிக்குத் துத்தநாகம் வேண்டும், ஈ.டி.டி.ஏ. அதைப் பிடுங்கிக்கொள்கிறது. துத்தநாகம் இல்லாவிட்டால் மருந்தை உடைக்க நொதியால் ஆகாது.

கட்டுரை வெளிவந்த வாரமே நாடாளுமன்றம் வரை அமளி. என்டிஎம் என்றால் ‘நியூடெல்லி மெட்டலோ’. 2008-ல் ஸ்வீடனில் ஒரு நோயாளியிடம் முதலில் கண்டபோது, அவர் டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர் என்பதால் வைத்த பெயர். இதே வகை நொதிகளுக்கு வெரோனா, சாவோ பாலோ, சியோல் பெயர்களும் உண்டு. அங்கே யாரும் கொடி பிடித்ததாகத் தெரியவில்லை. இங்கேயோ, நம் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்க வந்த சதி என்றார்கள். கட்டுரையும் முழுக்க நிரபராதி அல்ல. அறுவை சிகிச்சைக்கு இந்தியா போவதைப் பற்றி எச்சரிக்கும் வரிகள் கடைசியில் இருந்தன. அவற்றில் தனக்கு உடன்பாடில்லை என்று கார்த்திகேயனே பத்திரிகைகளிடம் சொன்னார். பெயர் வைத்தது தவறு என்று ‘லான்செட்’ ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011 ஜனவரியில் வருத்தமும் தெரிவித்துவிட்டார். நமக்கு அதோடு திருப்தி.

எனக்கு அந்தக் கட்டுரையில் முக்கியமாகப் படுவது யாரும் சத்தம் போடாத ஒரு வாக்கியம். ஹரியானாவின் கிளெப்சியெல்லாக்கள் எல்லாம் ஒரே வம்சம். அவற்றின் என்டிஎம்-1 மற்ற பாக்டீரியாக்களுக்குத் தாவவில்லை. சென்னையில் கிடைத்தவை பல வம்சம். மரபணுவும் சுலபமாகத் தாவியது. அது உட்கார்ந்திருப்பது பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையத்தில். வகுப்பில் ஒருவன் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு அதைப் பிரதி எடுத்துக் கொடுக்கும். வாங்குவது வேறு இனமாக இருந்தாலும் சரி. ஹரியானாவில் நடந்தது ஒரு கிருமி பரவிய கதை. வார்டைச் சுத்தமாக வைத்து, கை கழுவி, நோயாளியைத் தனியே படுக்கவைத்தால் பெரும்பாலும் அடக்கிவிடலாம். சென்னையில் பரவியது கிருமி அல்ல, மரபணு. அதற்கு வார்டுக் கதவைச் சாத்தினால் போதாது.

எவ்வளவு போதாது என்பது அடுத்த வருஷமே தெரிந்தது. வால்ஷ் குழு டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரில் 171 மாதிரிகளும் குழாய்த் தண்ணீரில் 50 மாதிரிகளும் எடுத்துப் பார்த்தது. தேங்கிய நீரில் 51 மாதிரிகளில் மரபணு இருந்தது, குழாய்த் தண்ணீரில் 2. காலரா கிருமிக்குள்ளும் அது புகுந்திருந்தது. பிளாஸ்மிட் கைமாறுவது மிகச் சுறுசுறுப்பாக நடந்தது 30 டிகிரி வெப்பத்தில். நம் ஊர் சாக்கடைக்கு அது வருஷத்தில் பாதி நாள் இருக்கிற சூடு.

கோபத்துக்கு நடுவே உருப்படியாக ஒன்று நடந்தது. 2012 ஆகஸ்டில், தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் முன்நிற்க, பல மருத்துவச் சங்கங்கள் கூடின. ‘சென்னைப் பிரகடனம்’ அதிலிருந்து பிறந்தது. சீட்டில்லாமல் எந்த ஆன்டிபயாடிக்கும் கிடையாது என்று ஒரே நாளில் சட்டம் போட்டால் டாக்டரே இல்லாத கிராமம் என்ன செய்யும்? நடக்கக்கூடியதை முதலில் செய்வோம் என்றார்கள். 2014 மார்ச்சில் மருந்து விற்பனை விதிகளில் அட்டவணை ஹெச்-1 அமலுக்கு வந்தது. அப்போது பட்டியலில் இருந்த 46 மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று மெடிக்கல் ஷாப்பில் தனி ரிஜிஸ்தரில் எழுதி, 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். அசித்ரோமைசின் அந்த 46-ல் இல்லை. அதற்கும் சீட்டு வேண்டும் என்பது பழைய சட்டம். “அண்ணே, தொண்டை வலி, மூணு நாள் மாத்திரை குடுங்க” என்று கேட்டுப் பாருங்கள், அந்தச் சட்டத்தின் வலிமை தெரியும்.

மிச்சமிருந்த இரண்டில் கோலிஸ்டின் சிறுநீரகத்தைப் படுத்தும் பழைய மருந்து. கோழிப் பண்ணைகளில் சீக்கிரம் எடை கூட அதைத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். அதை எதிர்க்கும் மரபணுவும் பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டதைச் சீன ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். தீவனக் கோலிஸ்டினை இந்தியா தடை செய்தது 2019-ல்.

இப்போது கைகொடுப்பது ஒரு கூட்டணி. அஸ்ட்ரியோனம் என்ற மருந்தை என்டிஎம்-ஆல் உடைக்க முடியாது. ஆனால் அதே கிருமியில் இருக்கும் மற்ற நொதிகள் உடைத்துவிடும். அந்த நொதிகளை அவிபேக்டம் முடக்குகிறது. ஒரே ஊசியாக இது ஐரோப்பாவில் அனுமதி பெற்றது 2024-ல்தான். அதற்கு முன்பே செஃப்டாசிடிம்-அவிபேக்டத்தையும் அஸ்ட்ரியோனத்தையும் இங்கே டாக்டர்கள் சேர்த்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். பலிக்குமா என்று பார்க்க லேபில் நாலு குழாய் வைக்கிறார்கள்: மருந்தே இல்லாமல் ஒன்று, தனித்தனி மருந்தோடு இரண்டு, இரண்டும் சேர்ந்து ஒன்று. மறுநாள் முதல் மூன்றும் கலங்கி, நாலாவது தெளிவாக இருந்தால் கூட்டணி வேலை செய்கிறது.

இதற்கெல்லாம் முதலில் கிருமி கைக்கு வர வேண்டும். முதல் ஊசிக்கு முன்பே ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினால்தான் வர வாய்ப்பு. மூன்று நாள் ஆன்டிபயாடிக் போட்டு, காய்ச்சல் விடாததால் அனுப்பப்படும் ரத்தத்தில் பல நேரம் எதுவும் வளராது. ‘நோ க்ரோத்’ என்று ரிப்போர்ட் வரும். நோயாளிக்குக் காய்ச்சல் அப்படியே இருக்கும். டாக்டர் ஊகத்தில் அடுத்த மருந்துக்கு எழுதுவார்.