டி.பி-யில முகம் இல்லையா... அதுலயே ஒரு புராஜெக்ட் டாபிக் இருக்கு!

உங்க வாட்ஸ்அப் கான்டாக்ட் லிஸ்ட்டை ஒருமுறை மேலிருந்து கீழ வரைக்கும் தள்ளிப் பாருங்க. பைக்குல சாய்ஞ்சு நிக்கிற தம்பி, குலதெய்வத்தை வெச்சிருக்கிற பெரியப்பா, பேத்தி போட்டோ வெச்சிருக்கிற டீச்சர், பிடிச்ச ஹீரோவோட மாஸ் ஸ்டில், ரோஜாப்பூ, கார்ட்டூன் பூனை... நடுநடுவே யாருமே இல்லாத சாம்பல் வட்டம். இத்தனை பேரும் 'நான் யார்?'ங்கிற கேள்விக்கு ஒரு சின்ன வட்டத்துக்குள்ள பதில் சொல்லியிருக்காங்க. சிலர் பதில் சொல்லாம விட்டிருக்காங்க. அதுவும் ஒரு பதில்தான்.

இப்போ உங்க கிளாஸ் குரூப்புக்கு வாங்க. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு டாபிக் கொடுக்கக் கடைசி நாள் நெருங்குது. 'மச்சி, ஏதாவது டாபிக் இருந்தா சொல்லேன்'னு மெசேஜ் பறக்குது. கடைசியில 'சமூக ஊடகங்கள் இளைஞர்களிடம் ஏற்படுத்தும் தாக்கம்'னு எழுதிக் கொடுத்துட்டு எல்லாரும் கேன்டீனுக்குப் போயிடுவாங்க. போன வருஷ சீனியரும் அதைத்தான் கொடுத்தார். அதுக்கு முந்தின வருஷமும் அதேதான்.

டாபிக்கைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். தினமும் நீங்க பார்க்கிற டி.பி-யிலயும் அவதார்லயும் நல்ல கேள்விகள் ஏகப்பட்டது கிடக்கு. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படி டாபிக்கா மாத்துறது? வாங்க, பார்க்கலாம்.

அவதாரம் 'அவதார்' ஆன கதை

தசாவதாரக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வார்த்தை புதுசு இல்லை. தெய்வம் பூமிக்கு இறங்கி வரும்போது எடுக்கிற உருவம் அவதாரம். 1980-களில் கம்ப்யூட்டர் கேம் உருவாக்கியவர்கள் இந்த சம்ஸ்கிருதச் சொல்லை எடுத்துக்கிட்டாங்க. மனுஷன் திரைக்குள்ள இறங்கும்போது எடுக்கிற உருவம் 'அவதார்' ஆச்சு. 1985-ல் வந்த 'அல்டிமா 4' கேமின் தலைப்பிலேயே அந்த வார்த்தை உண்டு. கிட்டத்தட்ட அதே காலத்தில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் உருவாக்கிய 'ஹேபிடேட்' என்ற ஆன்லைன் விளையாட்டில், திரையில் நடமாடிய உருவங்களை அவதார் என்றே அழைத்தார்கள். 1992-ல் நீல் ஸ்டீபன்சன் எழுதிய 'ஸ்னோ கிராஷ்' நாவல் இந்த வார்த்தையை இன்னும் பரவலாக்கியது. 'மெட்டாவெர்ஸ்' என்ற சொல்லும் அந்த நாவலில் இருந்து வந்ததுதான்.

அப்புறம் வரிசையா வந்தது உங்களுக்கே தெரியும். 2003-ல் 'செகண்ட் லைஃப்', அதுக்கப்புறம் பிட்மோஜி, 2018-ல் ஆப்பிளின் மெமோஜி, 2022 டிசம்பரில் வாட்ஸ்அப் அவதார். 2025 மார்ச்சில் சாட்ஜிபிடி புண்ணியத்தில் ஊர்ல பாதிப் பேர் கிப்லி கார்ட்டூனா மாறினதும் இதே வரிசையில்தான் வரும்.

ஒரே வட்டம்... எல்லாரும் பார்க்கிறாங்க!

விருந்தாளி வர்றாங்கன்னு தெரிஞ்சதும் ஹால்ல கிடக்கிற துணியை எல்லாம் அள்ளி பெட்ரூமுக்குள்ள போட்டுக் கதவைச் சாத்துவோமே... அதைத்தான் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1956-ல் வெளியான தன் புத்தகத்தில் விளக்கமாக எழுதினார். மற்றவர்கள் பார்க்கும்போது ஒரு முன்மேடை, யாரும் பார்க்காதபோது ஒரு பின்மேடை என்று நம் எல்லார் வாழ்க்கையும் இரண்டு பகுதியாக இருக்கிறது. எந்த ஆள் முன்னால் எதைக் காட்டணும், எதை மறைக்கணும்னு நாம கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கோம் என்பது அவர் பார்வை.

டி.பி-யில சிக்கல் எங்கே வருதுன்னா, பின்மேடைக்குக் கதவு இல்லை. அம்மா, சித்தப்பா, ஹெச்.ஓ.டி, எக்ஸ், கேஸ் சிலிண்டர் போடுற அண்ணன், நாளைக்கு இன்டர்வியூ எடுக்கப்போற ஹெச்.ஆர்னு எல்லாரும் ஒரே படத்தைத்தான் பார்க்கிறாங்க. நண்பர்களுக்கு ஒரு முகம், வீட்டுக்கு ஒரு முகம்னு பிரிச்சுக் காட்ட வழி ரொம்பக் குறைவு. எல்லாருக்கும் ஒத்துவர்ற படம் எதுன்னு யோசிச்சு யோசிச்சே பல பேர் சூரிய அஸ்தமனத்துல போய் நிக்கிறாங்க.

சில சமயம் இதே வட்டம் ஊரோட குரலாவும் மாறும். 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்தப்போ, மெரினாவுக்குப் போக முடியாதவங்க டி.பி-யிலயும் காளை வந்து நின்னுச்சு. 2022 ஆகஸ்ட்டில் பிரதமர் கேட்டுக்கொண்டதை அடுத்து, பலர் தேசியக்கொடியை வைத்தார்கள். 'இது நான்'னு சொல்ற இடத்துல 'இது நாங்க'ன்னு சொல்றதும் சுய வெளிப்பாடுதான்.

ஒரே பூ, மூணு காரணம்

2017 ஜூனில் ஃபேஸ்புக் இந்தியாவுக்காக ஒரு வசதியைக் கொண்டுவந்தது. பெயர், 'புரொஃபைல் பிக்சர் கார்டு'. மற்றவர்கள் உங்க புரொஃபைல் படத்தை டவுன்லோடு பண்ணவோ ஷேர் பண்ணவோ முடியாதபடி தடுக்கும் வசதி அது. தங்கள் படம் தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்ற பயத்தில் இந்தியப் பெண்கள் சிலர் முகம் தெரியும் படத்தையே வைப்பதில்லை என்பதுதான் அதற்கு அந்த நிறுவனம் சொன்ன காரணம்.

இப்போ ரோஜாப்பூ டி.பி வெச்சிருக்கிற மூணு பெண்களைக் கற்பனை பண்ணிக்கோங்க. முதல் பெண்ணுக்கு, யாராவது போட்டோவை மார்ஃபிங் பண்ணிடுவாங்களோங்கிற பயம். ரெண்டாவது பெண்ணோட வீட்டுல, 'போட்டோவெல்லாம் போடக் கூடாது'ன்னு அண்ணன் சொல்லிட்டார். மூணாவது பெண்ணுக்கு எந்தப் பிரச்னையும் இல்லை; அவங்களுக்குப் பூ பிடிக்கும், அவ்வளவுதான்! ஸ்க்ரீன்ல பார்த்தா மூணும் ஒண்ணு. வாழ்க்கையில வேற வேற.

பார்த்தா தெரியாத, கேட்டாதான் தெரியும்ங்கிற இந்த இடத்துலதான் நல்ல டாபிக் பிறக்குது. பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயத்தை டாபிக்கா எடுத்தா, மூணு மாசம் கழிச்சு அதே பதிலை பைண்டிங் பண்ணிக் கொடுக்கிறீங்க. அவ்வளவுதான் நடக்கும்.

அவதார் நம்மளை மாத்துமா?

நாமதான் அவதாரை உருவாக்குறோம். ஆனா, அவதாரும் நம்மளைத் திருப்பி உருவாக்குமா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த நிக் யீ, ஜெரமி பெய்லென்சன் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கேட்டது. வி.ஆர் கருவி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு அவதாரைக் கொடுத்தார்கள். அழகான முகம் கொண்ட அவதார் கிடைத்தவர்கள், எதிரில் இருந்த ஆளிடம் இன்னும் நெருங்கிப்போய் நின்றார்கள். தங்களைப் பற்றிக் கூடுதலாகப் பேசினார்கள். உயரமான அவதார் கிடைத்தவர்கள், பணத்தைப் பங்கு போடும் பேரத்தில் தைரியமாகப் பேசினார்கள். குள்ளமான அவதார் கிடைத்தவர்களோ, நியாயமில்லாத பங்கையும் ஒப்புக்கொள்ள அதிகம் தயாராக இருந்தார்கள். நிஜத்தில் அவர்கள் என்ன உயரமாக இருந்தாலும் சரி!

உருவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் கிரேக்கக் கடல் தெய்வமான புரோட்டியஸின் பெயரால் இதை 'புரோட்டியஸ் விளைவு' என்கிறார்கள்.

நம்ம ஊர்லயும் ஒரு சம்பவம் உண்டு. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கல்யாணம் முடித்த ஒரு ஜோடி, ரிசப்ஷனை மெட்டாவெர்ஸில் நடத்தினார்கள். ஹாரி பாட்டரின் ஹாக்வார்ட்ஸ் பாணியில் செட். அங்கே விருந்தினர்களை ஆசீர்வாதத்தோடு வரவேற்றவர்களில், கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்ட மணப்பெண்ணின் அப்பாவும் உண்டு... அவதாராக! அதைப் பார்த்தா மனசு ஆறுமா, இன்னும் கனக்குமா? இறந்தவர் சம்மதம் இல்லாம அவர் உருவத்தை நடமாட வைக்கலாமா? இதுல சைக்காலஜி டாபிக்கும் இருக்கு, சட்டம் படிக்கிறவங்களுக்கான டாபிக்கும் இருக்கு.

பெரிய தலைப்பைச் சின்னக் கேள்வியா மாத்துங்க

'சமூக ஊடகங்களும் இளைஞர்களும்' என்ற தலைப்பில் என்ன பிரச்னை? எந்த ஊடகம், எந்த இளைஞர்கள், என்ன தாக்கம்னு எதுவுமே அதுல இல்லை. அதைப் படிப்படியா இறக்குவோம்.

முதல் படி: எந்த ஊடகம்? வாட்ஸ்அப்.
ரெண்டாவது படி: அதுல எது? டி.பி.
மூணாவது படி: யாரோட டி.பி? கல்லூரி மாணவிகள்.
நாலாவது படி: யாரையும் யாரையும் ஒப்பிடலாம்? ஹாஸ்டல் மாணவிகளையும், வீட்டுல இருந்து வந்து போறவங்களையும்.
அஞ்சாவது படி: என்ன தெரியணும்? டி.பி-யில் முகம் வைக்கலாமா வேண்டாமா என்பதை முடிவு பண்றது யார்?

இப்போ கிடைச்சது ஒரு டாபிக்: 'வாட்ஸ்அப் டி.பி-யில் முகம் வைப்பது குறித்த முடிவு: ஹாஸ்டல் மாணவிகளும் வீட்டிலிருந்து வரும் மாணவிகளும் - ஓர் ஒப்பீடு.' உங்க காலேஜ் கேட்டைத் தாண்டாமலே செய்யலாம்.

ஒரு முக்கியமான விஷயம். 'பெண்கள் ஏன் முகத்தை மறைக்கிறார்கள்?'னு கேள்வி வைக்காதீங்க. 'மறைக்கிறார்கள்'னு சொன்ன உடனே, அவங்க பயப்படுறாங்கன்னு நீங்களே தீர்ப்பு எழுதிட்டீங்க. அந்த மூணாவது பெண் உங்க கணக்குல வராமலே போயிடுவாங்க. 'டி.பி-க்குப் படத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறீங்க?'ன்னு கேட்டா, மூணு பேருமே மனசு விட்டுப் பேசுவாங்க.

கைடுகிட்ட கொடுக்கிறதுக்கு முன்னாடி 4 டெஸ்ட்

1. பதில் என்னை ஆச்சர்யப்படுத்த வாய்ப்பு இருக்கா? இல்லைன்னா வேற கேள்வி தேடுங்க.

2. பதில் சொல்லக்கூடியவங்களை என்னால சந்திக்க முடியுமா? 'இந்திய இளைஞர்கள்' எல்லாரையும் சந்திக்க முடியாது. உங்க ஹாஸ்டல்ல 30 பேரைச் சந்திக்க முடியும். 30 பேர்கிட்ட அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினா கிடைக்கிற விஷயம், குரூப்ல கூகுள் ஃபார்ம் லிங்கைப் போட்டா கிடைக்காது. அதேசமயம், அந்த 30 பேரை வெச்சுத் தமிழ்நாட்டுக்கே முடிவு சொல்லவும் கூடாது.

3. செமஸ்டருக்குள்ள முடியுமா? பேட்டி எடுக்கிறது, டைப் பண்றது, எழுதுறது, திருத்துறதுன்னு வாரக்கணக்குப் போட்டுப் பாருங்க. இடிச்சா, டாபிக்கை இன்னும் சின்னதாக்குங்க.

4. ஏற்கெனவே யாராவது செஞ்சிருக்காங்களா? 'சோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஹெச்.டி ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். கூகுள் ஸ்காலரிலும் தேடுங்க. யாராவது செஞ்சிருந்தா பயப்பட வேண்டாம்; அவங்க கேட்காம விட்ட கேள்வி எதுன்னு பாருங்க. பல ஆய்வேடுகளில், அடுத்து என்ன ஆராயலாம் என்று கடைசி அத்தியாயத்தில் எழுதியிருப்பார்கள். டாபிக் தேடுறவங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு புதையல்.

உங்க டிப்பார்ட்மென்ட்டுக்கு ஏத்த சில டாபிக்குகள்

விஸ்காம்: வாட்ஸ்அப், மெமோஜி அவதார்களில் இருக்கும் தோல் நிறம், கூந்தல், புடவை, பொட்டு போன்ற தேர்வுகளைக் கொண்டு, ஒரு தமிழ்ப் பெண் தன்னைப் போலவே ஓர் அவதாரை உருவாக்க முடியுமா?

சைக்காலஜி: கேம் விளையாடுறவங்க தன்னைப் போன்ற அவதாரைத் தேர்ந்தெடுக்கிறார்களா, தான் ஆக நினைக்கும் அவதாரையா?

தமிழ்: டி.பி-யோட சேர்ந்து வர்ற 'அபௌட்' வரிகளில் என்ன மாதிரித் தமிழ் இருக்கிறது? எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா, தங்கிலீஷா?

சமூகவியல்: ஒரே வீட்டில் அம்மா, மகள், பாட்டி மூவரும் டி.பி-க்குப் படம் தேர்ந்தெடுக்கும் விதத்தில் என்ன வித்தியாசம்?

சட்டம், கம்ப்யூட்டர் சயின்ஸ்: கிப்லி டிரெண்டில் குடும்ப போட்டோவை ஏ.ஐ-யில் ஏற்றியவர்கள், அதில் இருந்த மற்றவர்களிடம் சம்மதம் கேட்டார்களா?

டி.பி உங்களுக்கு டேட்டா... அவங்களுக்கு முகம்!

ஆர்வத்துல ஒரு தப்பு நடக்க நிறைய வாய்ப்பு இருக்கு. நண்பர்களோட டி.பி-யை எல்லாம் சேர்த்து ரிப்போர்ட்ல ஒட்டிடக் கூடாது. உங்க போன்ல தெரியுதுங்கிறதுக்காக அது உங்க பொருள் ஆகிடாது. வாட்ஸ்அப்பில் டி.பி-யை எல்லாரும் பார்க்கலாமா, கான்டாக்ட்டில் இருப்பவர்கள் மட்டுமா, யாருமே வேண்டாமா என்று தேர்ந்தெடுக்க முடியும். ஒருத்தர் உங்களைப் பார்க்க அனுமதிச்சிருக்கார்னா, பிரின்ட் போட அனுமதிச்சிருக்கார்னு அர்த்தம் இல்லை.

அதனால, எதுக்காகக் கேட்கிறீங்கன்னு முதல்லயே சொல்லுங்க. எழுத்துல சம்மதம் வாங்குங்க. பெயரை மாத்துங்க. படத்துக்குப் பதிலா 'கடற்கரை, பின்பக்கமாக நிற்கும் பெண்'னு வார்த்தையில விவரிங்க. 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்கன்னா பெற்றோர் சம்மதமும் வேணும். நடுவுல ஒருத்தர், 'நான் சொன்னதை எடுத்துடுங்க'ன்னா, மறுபேச்சு இல்லாம எடுத்துடுங்க. குறிப்பா, அண்ணனுக்குப் பயந்து பூ வெச்சிருக்கிற அந்தப் பொண்ணு உங்ககிட்ட சொன்னது அவங்க வீட்டுக்குத் தெரிஞ்சா, உங்க மார்க்கை வெச்சு அதைச் சரிபண்ண முடியாது.

வைவாவுல முதல் கேள்வியே, 'ஏன் இந்த டாபிக்கை எடுத்தீங்க?'ன்னுதான் வரும். 'சார் சொன்னாங்க', 'சீனியர் பண்ணியிருந்தாங்க'ன்னு தலையைச் சொறியாம, 'இதுக்கு எனக்குப் பதில் தெரியலை, தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு'ன்னு சொல்லிப் பாருங்க. அதுக்கப்புறம் வர்ற கேள்விகளுக்கு உங்களைவிட நல்லா பதில் சொல்ல அந்த ரூம்ல வேற ஆள் இருக்க மாட்டாங்க.

சரி, இன்னிக்கு நைட்டு ஒரு சின்ன வேலை. உங்க கான்டாக்ட் லிஸ்ட்ல 20 டி.பி-யைப் பாருங்க. 'இவங்க ஏன் இதை வெச்சிருக்காங்க?'ன்னு உங்களால யூகிக்கவே முடியாத ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. அவங்ககிட்ட போய்க் கேளுங்க. டாபிக் அங்கேயே தொடங்கிடும்!