பழைய சாடியில் குளிர்கால விளக்கு

வட இந்தியாவின் குளிர்காலத்தை நேரில் அறியாதவர்களுக்கு அதன் இரவு எத்துணை நீண்டது என்பது எளிதில் விளங்காது. டிசம்பர் மாதக் கடைசியில் தில்லியில் மாலை ஐந்தரை மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மேல்தான் உதிக்கிறது. சிம்லா போன்ற மலை நகரங்களிலோ, கடும் பனி பெய்து மின்கம்பிகள் அறுந்துவிட்டால், விளக்கின்றியே இரவைக் கழிக்க நேர்வதும் உண்டு. கிறிஸ்துமஸ் பண்டிகையும் இக்காலத்தில்தான் வருகிறது. ஆகவே இப்பகுதிகளில் மெழுகுவர்த்தி அலங்காரத்துக்கும் உதவுகிறது, அவசரத்துக்கும் உதவுகிறது.

ஜாம், தேன், ஊறுகாய் ஆகியவை தீர்ந்தபின் எஞ்சும் கண்ணாடிச் சாடிகளைக் கொண்டு மெழுகுவர்த்தி தாங்கிகளை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். செலவு மிகக் குறைவு; காற்றில் சுடர் அணையாது; பார்வைக்கும் இனியது. ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. அச்சாடி உணவை வைப்பதற்காகச் செய்யப்பட்டதேயன்றி நெருப்பை வைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று.

சாதாரணக் கண்ணாடி மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றை உருக்கிச் செய்யப்படுவது. அது சூட்டை விரைவாகக் கடத்துவதில்லை. உள்ளே சுடர் எரியும்போது உட்புறம் சூடேறி விரிகிறது. வெளிப்புறமோ குளிர்ந்தே இருக்கிறது. விரிய முயலும் உட்புறம் வெளிப்புறத்தை இழுக்கிறது. கண்ணாடி அழுத்தத்தைத் தாங்குமளவுக்கு இழுப்பைத் தாங்காது. மேற்பரப்பில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் அங்கிருந்தே விரிசல் ஓடிவிடுகிறது. ஆய்வுக்கூடக் குடுவைகளுக்குரிய போரோசிலிக்கேட் கண்ணாடி சூட்டில் விரிவது, சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் அது எளிதில் உடைவதில்லை. ஜாம் சாடிக்கு அந்த வலிமை கிடையாது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். சாடிக்குக் கோடையைவிடக் குளிர்காலத்தில்தான் ஆபத்து அதிகம். உள்ளே சுடர், வெளியே குளிர்காற்று. போதாக்குறைக்கு, சூடேறிய கண்ணாடிமீது கூரையிலிருந்து ஒரு துளி பனிநீர் சொட்டினாலும் போதும். ஆகவே இத்தாங்கியைத் திறந்த முற்றத்திலோ, பனி படும் ஜன்னல் விளிம்பிலோ வைத்தல் கூடாது.

இனிச் செய்யும் முறையைப் பார்ப்போம். கீறலோ விரிசலோ இல்லாத, வாய் அகன்ற, பக்கங்கள் நேராக அமைந்த சாடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கழுத்துக் குறுகிய குப்பிகள் உதவா. சுடரின் சூடான காற்று நடுவே மேலெழும். புதிய காற்று ஓரமாகக் கீழிறங்கும். வாய் குறுகலாயின் இவ்விரண்டுக்கும் வழி போதாமல் சுடர் மங்கிப் புகையும். கழுத்தும் அளவுக்கு மீறிச் சூடேறும். சாடி ஆறங்குல உயரமும், வாய் மூன்றங்குல அகலமும் இருத்தல் நலம்.

சாடியை வெந்நீரில் ஊறவைத்தால் காகிதச் சீட்டு உரிந்துவிடும். எஞ்சும் பசையைச் சமையல் எண்ணெயுடன் சிறிது சோடா உப்பைக் குழைத்துத் தேய்த்து நீக்கலாம். பின்னர் நன்றாகக் கழுவி உலர்த்துக. ஆற்று மணலைச் சலித்து, இரும்பு வாணலியில் வறுத்து, ஆறியபின் ஓரங்குல உயரத்துக்கு நிரப்புக. மணலில் ஈரம் இருத்தல் ஆகாது. இந்த மணல், சுடரின் சூடு அடிக்கண்ணாடியை நேரே தாக்காமல் காக்கிறது. சாடி எளிதில் கவிழாதபடி கனமும் தருகிறது. மணலின்மேல் ஒரு சிறிய உலோகத் தட்டை வைத்து, உருகிய மெழுகில் சில துளிகளை அதில் விட்டு, மூன்றங்குல வர்த்தியை நடுவில் நேராக நிறுத்துக. சுடரின் நுனி சாடியின் விளிம்புக்கு ஓரங்குலமாவது கீழே இருக்கவேண்டும். பக்கக் கண்ணாடிக்கும் வர்த்திக்கும் இடையே ஓரங்குலம் இடைவெளி வேண்டும்.

அலங்காரம் வேண்டுவோர், எப்சம் உப்பை வெந்நீரில் கரையுமட்டும் கரைத்து, தூரிகையால் சாடியின் வெளிப்புறத்தில் பூசலாம். உலரும்போது ஊசி ஊசியாகப் படிகங்கள் தோன்றும். மலைநாட்டு ஜன்னல்களில் உறைபனி படிந்தாற்போல் அது காட்சி தரும். ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். காகிதம், பஞ்சு, உலர்ந்த புல் ஆகியவற்றைச் சாடியின் வாயருகே சுற்றுதல் கூடாது.

சாடியின் தகர மூடியை எறிந்துவிட வேண்டாம். உள்ளிருக்கும் அட்டையையோ ரப்பரையோ நீக்கிவிட்டால், அதுவே அணைப்பான் ஆகிவிடும். சாடியின் வாயில் அதை வைத்தால் காற்று கிடைக்காமல் சுடர் தானே அடங்கும். எரியும் மெழுகின்மீது ஒருபோதும் நீர் ஊற்றலாகாது. மெழுகு தெறித்துச் சுடும், கண்ணாடியும் வெடிக்கும். வர்த்தி அரையங்குலமாகக் குறைந்தவுடன் அணைத்துவிட்டு, சாடி முற்றிலும் ஆறியபின் புதிய வர்த்தியை வைக்கவேண்டும்.

லண்டன் ராயல் நிறுவனத்தில் 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், மைக்கேல் ஃபாரடே மெழுகுவர்த்தி ஒன்றையே பொருளாகக் கொண்டு சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகளைத் தொடங்கினார். மேலெழும் காற்று வர்த்தியின் ஓரத்தைக் குளிர்விப்பதால்தான் உருகிய மெழுகு ஒரு கிண்ணத்தில்போல் தங்கி நிற்கிறது என்பதை அவர் விளக்கினார். காற்று ஒரு பக்கமாக வீசினால் அக்கிண்ணம் கரைந்து மெழுகு வழிந்துவிடும். நம் சாடி செய்யும் பெரிய உதவி, அந்தக் கிண்ணத்தைக் காப்பதே.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஒரு மெழுகுவர்த்தி தரும் வெப்பம் சுமார் 80 வாட்டுக்கு மேற்படாது. சும்மா அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடலிலிருந்தே சுமார் 100 வாட் வெப்பம் வெளிப்படுகிறது. எனவே குளிர்காயும் நோக்கத்துடன் கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு பல வர்த்திகளை ஏற்றிவைப்பதில் பயனில்லை. அறையின் காற்று கெடுவதே மிச்சம். மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கி, அதன் நச்சு வாயுவால் உயிரிழந்தோர் பற்றிய செய்திகள் வடநாட்டுக் குளிர்காலத்தில் ஆண்டுதோறும் வருகின்றன. கதகதப்புக்குக் கம்பளி இருக்கிறது. வெளிச்சத்துக்கு மட்டும் இந்தச் சாடி விளக்கை ஏற்றுங்கள். குழந்தைகளின் கைக்கெட்டாத உயரத்தில், திரைச்சீலைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். உறங்கச் செல்லுமுன் மூடியை எடுத்து மூடிவிடுங்கள்.