மூச்சுத்திணறல்: ‘இது இல்லை’ என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை

திடீர் மூச்சுத்திணறலோடு ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தால், கோளாறு இதயத்திலா நுரையீரலிலா என்பதுதான் மருத்துவர் முன் நிற்கும் முதல் கேள்வி. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தாலும் ஆஸ்துமா போலவே வீசிங் கேட்கலாம். பல வருடம் புகைபிடித்த முதியவருக்கு நுரையீரல் நோயும் இதய நோயும் சேர்ந்தே இருக்கலாம். ஆனால் வைத்தியம் வேறு வேறு. நீர் கோத்திருந்தால் அதைச் சிறுநீராக வெளியேற்றும் ஊசி. ஆஸ்துமா என்றால் நெபுலைசரும் ஸ்டீராய்டும். நுரையீரல் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்திருந்தால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. இந்தக் கடைசி மருந்தைத் தேவையில்லாதவருக்குக் கொடுத்தால் ரத்தக்கசிவில் போய் முடியலாம். நோயை உறுதிசெய்வதைவிட, எது இல்லை என்பதைச் சீக்கிரம் ஒதுக்கித் தருவதில்தான் விரைவு ரத்தப் பரிசோதனைகளின் உண்மையான பலம் இருக்கிறது.

அப்படிப்பட்ட பரிசோதனைகளில் ஒன்று பிஎன்பியை அளப்பது. பிஎன்பி என்ற இந்தப் பொருளை 1988-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். மனித உடலில் இதை முக்கியமாகச் சுரப்பது இதயத்தின் கீழறைகள் என்பது பிறகு தெரியவந்தது. இதயத்தால் ரத்தத்தைப் போதிய அளவு வெளியேற்ற முடியாமல் கீழறைச் சுவர் இழுபடும்போது ரத்தத்தில் பிஎன்பி ஏறுகிறது. சிறு கருவியில் சுமார் 15 நிமிடத்தில் இதை அளந்துவிடலாம். மூச்சுத்திணறலோடு வந்த 1,586 பேரிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், ஒரு மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராம் என்ற எல்லையை வைத்துப் பார்த்தபோது சுமார் 83 சதவீதம் முடிவுகள் சரியாக இருந்தன. அளவு 50-க்குக் கீழே இருந்தவர்களில் 96 சதவீதம் பேருக்கு இதயச் செயலிழப்பு இல்லை. உயர்ந்த அளவு சந்தேகத்தைக் கூட்டும். தாழ்ந்த அளவுதான் மருத்துவருக்குத் துணிவைத் தரும்.

டி-டைமர் பரிசோதனையும் இப்படித்தான். ரத்தக்கட்டி கரையும்போது சிதறும் துணுக்குகளை அது அளக்கிறது. ரத்தக்கட்டிக்கான சந்தேகம் குறைவாக உள்ளவருக்கு டி-டைமர் ஒரு மில்லிலிட்டருக்கு 500 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் சிடி ஸ்கேனே தேவைப்படாது. கூடுதலாக இருப்பதை மட்டும் வைத்துக் கட்டி இருப்பதாக முடிவுகட்ட முடியாது. கர்ப்பம், அறுவை சிகிச்சை, தொற்று, புற்றுநோய் எல்லாமே அதை ஏற்றிவிடும், வயதும் ஏற்றும். அதனால் 50 வயதைக் கடந்தவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி எல்லை வைக்கலாம். 70 வயதுக்காரருக்கு அது 700. இந்த முறை பாதுகாப்பானது என்பதை 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஸ்டெதஸ்கோப்பும் இசிஜியும் எக்ஸ்ரேயும் இருக்கும்போது இந்தச் செலவு எதற்கு என்று கேட்கலாம். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 452 பேரிடம் நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. பிஎன்பி பார்க்கப்பட்டவர்கள் வீடு திரும்ப 8 நாளும், பார்க்கப்படாதவர்கள் 11 நாளும் ஆனது. சிகிச்சைச் செலவும் குறைந்தது. ஆனால் மெல்பர்னில் கடும் மூச்சுத்திணறலோடு வந்த 612 பேரிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில் அப்படி எந்தப் பலனும் தெரியவில்லை. இதை ஒதுக்கிவிட முடியாது. எல்லோருக்கும் எடுப்பதால் நன்மை வந்துவிடாது, மருத்துவருக்கு நிஜமாகவே ஐயம் இருக்கும்போது எடுத்தால்தான் முடிவு மாறும் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். உடல் பருமன் உள்ளவர்களுக்கு பிஎன்பி குறைத்துக் காட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஏற்றிக் காட்டும். நோயாளியைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பவர் இரு பக்கமும் தவறுவார்.

எனவே நோயாளியைத் தொட்டுப் பார்த்து, கேட்டறிந்து, ஒரு கேள்வியை உருவாக்கிக்கொண்ட பிறகே பரிசோதனை. ஆக்சிஜனும் முதலுதவியும் அதன் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்து நாமாகவே நோய்க்குப் பெயர் வைக்கவும் கூடாது. கால்வீக்கம், சிறுநீரகக் கோளாறு, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திடீரென மூச்சுத்திணறினால் லேபைத் தேடி அலையாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.